நீர்த்தேக்கக் கரைக்கு இறங்கும் வடிகான்: மூன்று ஆண்டுக் கடிதங்களுக்குப் பின் யாருக்கு எழுதுவது?

பணியக்கரை எழுதியது:

வணக்கம். இலங்கையின் மலையகத்தில் ஒரு நீர்த்தேக்கத்தின் கரையோரமாக உள்ள சிறு நகரொன்றின் நலன்புரிச் சங்கத்துக்கு நான் செயலாளராக இருக்கிறேன். ஊரின் பெயரையும் அலுவலகங்களின் பெயரையும் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். அங்கே பணியாற்றும் எவருக்கும் இதனால் மனவருத்தம் வரக்கூடாது. எங்களுக்கு வேலை நடந்தால் போதும்.

எங்கள் கடைத்தெரு மேட்டில் இருக்கிறது. சந்தைக் கட்டடம், இறைச்சிக் கடை, இரண்டு சாப்பாட்டுக் கடைகள், பஸ் நிலையத்தின் பொது மலசலகூடம் ஆகிய எல்லாவற்றின் கழிவுநீரும் கடைகளின் பின்புறமாக ஓடும் ஒரே வடிகானில் விழுந்து, பிரதான வீதிக்குக் கீழுள்ள போக்கின் (நீர் கடக்கும் சிறு பாலத்தின்) வழியாக மறுபக்கம் வந்து, பணிய லயம் என்று நாங்கள் சொல்லும் இரண்டு லயங்களின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) வாசலைத் தொட்டுக்கொண்டு நீர்த்தேக்கத்தில் போய்ச் சேர்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் மழை விடாமல் பெய்யும்போது போக்கில் குப்பை அடைத்து, அழுக்கு நீர் லயத்து வாசற்படியில் ஏறிவிடுகிறது. தை தொடக்கம் பங்குனி வரை நீர்மட்டம் இறங்கியிருக்கும் காலத்தில், மழையில் அடித்து வரப்பட்ட பிளாஸ்டிக்கும் இறைச்சிக் கழிவு கட்டிய பைகளும் வெளிப்பட்ட சேற்றில் அப்படியே கிடக்கும். பிள்ளைகள் விளையாடுவது அந்தத் திடலில்தான். பீலியில் (ஊற்று நீர் விழும் குழாயில்) தண்ணீர் குறையும் நாட்களில் எங்கள் பெண்கள் துணி துவைப்பதும் குளிப்பதும் அந்தக் கரையில்தான்.

முதற் கடிதத்தை 2022ஆம் ஆண்டில் பிரதேச சபைத் தவிசாளருக்கு எழுதினோம். "கவனத்திற் கொள்ளப்படும்" என்று ஒருவரிப் பதில் வந்தது. 2023 மார்ச் 19ஆம் திகதி நள்ளிரவுடன் உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் முடிந்தபோது எங்கள் சபையும் உறுப்பினர்கள் இல்லாமற் போய், நிருவாகம் செயலாளரின் கைக்குச் சென்றது. அந்தக் காலத்தில் இரண்டு கடிதங்கள் கொடுத்தோம். பதில் வராததால் பிரதேச செயலகத்துக்கு எழுதினோம். அவர்கள் அதனை "உரிய நடவடிக்கைக்காக" என்று குறித்து மீண்டும் சபைக்கே அனுப்பிவைத்தார்கள். நீர்த்தேக்கத்துக்குப் பொறுப்பான நிறுவனம், வடிகான் தமது எல்லைக்குள் இல்லை என்று தனிச் சிங்களத்தில் பதில் அனுப்பியது. அதனை வாசித்துச் சொல்ல ஓர் ஆளைத் தேடிப்போக வேண்டியிருந்தது. 2025 மே 6ஆம் திகதித் தேர்தலுக்குப் பின் புதிய சபை வந்ததும் நேரிற் சென்று கேட்டோம். அப்படியொரு கோவையே (கடிதக் கோப்பே) இல்லை என்றார்கள்.

எங்களிடம் கடிதங்களின் பிரதிகள் இருக்கின்றன. சிலவற்றில் முத்திரை இருக்கிறது, சிலவற்றில் இல்லை. இனி யாருக்கு எழுத வேண்டும், எப்படி எழுத வேண்டும், தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்கு உதவுமா என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் சொல்லித் தந்தால் பேருதவியாக இருக்கும்.


பழைய எழுதுவினைஞர் எழுதியது:

தம்பி, நான் உள்ளூராட்சி அலுவலகங்களில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவன். உங்கள் கடிதங்களுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை என்னால் கிட்டத்தட்டச் சொல்ல முடியும்.

ஓர் அலுவலகத்துக்குக் கடிதம் வந்தால் முதலில் அது உள்வரும் தபால் பதிவேட்டில் பதியப்படும். பிறகு தலைமை உத்தியோகத்தர் அதன் ஓரத்தில் ஒரு குறிப்பை எழுதி, அந்த விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தரின் மேசைக்கு அனுப்புவார். ஒரு கடிதம் ஒரு மேசைக்குத்தான் போகும். நீங்கள் ஒரே கடிதத்தில் வடிகான், குப்பை, மலசலகூடம், இறைச்சிக் கடை, லயத்து வாசல் என்று ஐந்தையும் எழுதியிருந்தால், அது குப்பைக்குப் பொறுப்பானவரிடம் போயிருக்கும். அவர் தமக்குரியதைப் பார்த்துவிட்டு, மற்றவை தமக்குரியவை அல்ல என்று கோவையில் வைத்து மூடியிருப்பார். நான் வேலை செய்த காலத்தில் நல்ல நியாயமுள்ள எத்தனையோ கடிதங்கள் இவ்வாறு அடங்கிப்போனதைக் கண்டிருக்கிறேன். அவற்றில் சிலவற்றை மூடியவன் நானே என்பதையும் மறைக்காமற் சொல்கிறேன். அந்தக் கடிதங்களை எழுதியவர்களின் முகம் இன்றைக்கும் நினைவில் இருக்கிறது.

ஆகவே முதலில் அந்த வடிகானைத் துண்டு துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டு யாருடையது என்று பாருங்கள். கடைத்தெருவில் சேரும் குப்பையை அகற்றுவது சபையின் கடமை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 93, 94, 95ஆம் பிரிவுகள் இதனைச் சொல்கின்றன. சேகரித்த குப்பை சபையின் சொத்து என்றும், அதனைக் கொட்டுவதற்குரிய இடத்தைச் சபையே ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் அங்கே இருக்கிறது. பிரதான வீதியின் கீழுள்ள போக்கு வேறு விடயம். அந்த வீதி ஏ அல்லது பீ தரத்து வீதியாக இருந்தால் அது வீதி அபிவிருத்தி அதிகார சபையைச் சேரும்; சீ, டீ தரத்து வீதிகள் மாகாணத்தைச் சேரும். போக்கு அடைபட்டதற்குச் சபைக்கு எத்தனை கடிதம் எழுதினாலும், "எமது வீதி அல்ல" என்ற பதிலுக்கு அங்கே இடம் இருக்கிறது. சாப்பாட்டுக் கடைக் கழிவும் மலசலகூடமும் சுகாதாரத் தொல்லை என்ற வகையில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குரியவை. அவருடைய அறிக்கை ஒன்று கையில் இருந்தால் மற்ற எல்லா அலுவலகங்களிலும் உங்கள் பேச்சு எடுபடும். ஆதலால் அந்தக் கடிதத்தை முதலில் கொடுங்கள்.

நீர்த்தேக்கத்தைப் பொறுத்தவரை, காசல்ரீ, மவுசாக்கலை, நோர்ட்டன், மேல் கொத்மலை போன்றவை மின் உற்பத்திக்காகக் கட்டப்பட்டு, இலங்கை மின்சார சபையின் பொறுப்பில் இருந்துவந்தவை. கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல ஆகியவை மகாவலித் திட்டத்தைச் சேர்ந்தவை. உங்களுடையது எதுவென்று நீங்கள் சொல்லவில்லை. எதுவாக இருந்தாலும், வடிகான் எங்கே தொடங்குகிறது என்று அவர்களிடம் வாதாட வேண்டாம். அவர்களின் எல்லைக்குள், உயர் நீர்மட்டக் கோட்டுக்கு உள்ளே, கழிவு வந்து சேரும் அந்த ஒரு இடத்தை மட்டும் வரைபடத்தில் காட்டிக் கேளுங்கள்.

இன்னொன்று. கடிதத்தின் அடியில் "பிரதிகள்" என்று பன்னிரண்டு பேரின் பதவிகளை எழுதும் வழக்கம் எங்கள் பகுதியில் உண்டு. அவ்வாறு எழுதினால் பன்னிரண்டு அலுவலகங்களும் மற்றவர் பார்ப்பார் என்று தகவலுக்காக வைத்துக்கொள்ளும். ஒருவருக்கு மட்டும் பிரதி அனுப்புங்கள்: சபைக்கு எழுதுவதானால் உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்கு.

கோவை இல்லை என்று சொன்னால் கோபப்பட வேண்டாம். கோவைகள் உண்மையிலேயே தொலைவதுண்டு. ஆனால் தபால் பதிவேடு அவ்வளவு எளிதிற் தொலைவதில்லை. முத்திரை உள்ள பிரதியின் திகதியைச் சொல்லி, அந்த நாளின் பதிவைப் பார்க்கச் சொல்லுங்கள்.


கரையோர ஆசிரியை எழுதியது:

எழுதுவினைஞர் ஐயா சொன்ன தபால் பதிவேட்டைப் பெறுவதற்குத்தான் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்களுக்கு மிகவும் பயன்படும். "ஏன் வடிகானைத் திருத்தவில்லை" என்று அந்தச் சட்டத்தின் கீழ் கேட்டால் பயன் கிடைக்காது, ஏனெனில் அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் பதிவுகளைத்தான் அதன் மூலம் பெற முடியும். "இந்தத் திகதியிட்ட எமது கடிதம் உள்வரும் தபால் பதிவேட்டில் எந்த இலக்கத்தில் பதியப்பட்டது, எந்தப் பதவியில் உள்ளவருக்கு ஒப்படைக்கப்பட்டது, அதன்மேல் எழுதப்பட்ட குறிப்பின் பிரதி" என்று கேளுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுத முடியாதவர்கள் வாய்மொழியாகவும் கேட்கலாம். தகவல் அலுவலரே அதனை எழுதிக்கொள்ள வேண்டும். பணிய லயத்து அம்மாக்கள் தாங்களாகவே போய்க் கேட்க இதில் வழி இருக்கிறது என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது முடிவைத் தெரிவிக்க வேண்டும். மறுத்தாலோ மௌனமாக இருந்தாலோ, 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அவருக்கு மூன்று வாரங்கள் உண்டு. அதற்கும் பயன் இல்லாவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்குப் போகலாம். இந்தத் திகதிகளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் ஒரு விடயத்தில், மேன்முறையீட்டுத் திகதியைத் தவறவிட்டு மறுபடியும் தொடக்கத்திலிருந்து விண்ணப்பிக்க வேண்டியிருந்தது.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிங்களத்தில் மட்டும் வந்த பதிலை நீங்கள் இயல்பாக எடுத்துக்கொண்டு மொழிபெயர்க்க ஆள் தேடியதைப் படித்தபோது மனம் வருந்தியது. தமிழில் எழுதியவருக்குத் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயத்தில், 22ஆம் உறுப்புரையில் இருக்கிறது. நுவரெலியா, அம்பகமுவ போன்ற பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிருவாகப் பிரிவுகளாகவே அறிவிக்கப்பட்டுள்ளன. அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்பி, "தமிழ் மொழியிலான பதிலை எதிர்பார்க்கிறோம்" என்று இரண்டு வரி எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யலாம்.

நீங்கள் அனுப்பும் கடிதத்துடன் சிங்கள மொழிபெயர்ப்பை இணைக்கும்படி சிலர் ஆலோசனை சொல்வார்கள். நான் அதனை ஏற்பதில்லை. ஒருமுறை இணைத்தால், அடுத்த முறை மொழிபெயர்ப்பு இல்லை என்பதையே காரணமாகக் காட்டுவார்கள்.


பழைய எழுதுவினைஞர் எழுதியது:

டீச்சர், உரிமை என்ற வகையில் நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. ஆனாலும் மழைக்காலத்துக்கு முன் போக்கைத் துப்புரவாக்க வேண்டுமென்றால், தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இல்லாத ஒரு பொறியியலாளர் அலுவலகத்துக்குப் போகும் கடிதத்துடன் ஒரு பக்கச் சிங்களச் சுருக்கத்தை இணைப்பது வேலையை விரைவுபடுத்தும். மொழி பற்றிய முறைப்பாட்டைத் தனியாகச் செய்யலாம். இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் வடிகான் பின்னுக்குப் போய்விடும் என்பதே என் அச்சம்.


மேட்டு லயம் எழுதியது:

நான் தோட்டத்தில் பிறந்து, இன்றும் தோட்டத்து லயத்தில் இருந்தபடி நகரத்தில் வேலை செய்பவன். இங்கே இதுவரை பேசப்படாத ஒரு விடயம் இருக்கிறது. பணிய லயம் நிற்கும் நிலம் யாருடையது? அது தோட்ட நிலமாக இருந்தால், முன்னர் சபை "தோட்டத்துக்குள் நாங்கள் செலவு செய்ய முடியாது" என்று சட்டத்தைக் காட்டியே சொல்லக்கூடியதாக இருந்தது. பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு அதற்குத் தடையாக இருந்தது. வரியும் வாக்கும் சபைக்கு, வடிகான் மட்டும் கம்பனிக்கு என்ற அந்த நிலையால் எங்கள் பெற்றோர் பட்ட துன்பத்தை நான் கண்ணால் கண்டவன். 2018ஆம் ஆண்டில் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. தோட்டக் குடியிருப்புகளிலும் சபை நிதியைப் பயன்படுத்த இப்போது வழி உண்டு. அதே ஆண்டில்தான் நுவரெலியா, அம்பகமுவ ஆகிய பெரிய சபைகள் பிரிக்கப்பட்டு, நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகிய புதிய சபைகளும் இயங்கத் தொடங்கின. சில அலுவலகங்களில் இன்றும் பழைய பதிலையே வாய்ப்பாடாகச் சொல்கிறார்கள். அவ்வாறு சொன்னால் 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தை மரியாதையாக நினைவூட்டுங்கள். தோட்ட முகாமையாளருக்கும் ஒரு கடிதம் கொடுத்து, அந்த இடத்தில் சபை வேலை செய்வதற்கு ஆட்சேபணை இல்லை என்று எழுத்தில் வாங்கிக்கொண்டால் ஒரு சாக்குக் குறையும்.

மற்றது, சற்றுக் கசப்பானது. பணிய லயத்துக் கழிப்பறைகளின் நீரும் அதே வடிகானில்தான் விழுகிறதா என்று பாருங்கள். எங்கள் லயத்தில் அப்படித்தான் இருந்தது. கடைக்காரர்களை மட்டும் குற்றஞ்சாட்டிக் கடிதம் எழுதினோம். பரிசோதகர் வந்து பார்த்துவிட்டு எங்கள் குழாய்களைத்தான் முதலில் காட்டினார். கூட்டத்தில் எங்கள் பெரியவர்கள் தலைகுனிந்து நின்றார்கள். உண்மை அப்படியிருந்தால் அதையும் கடிதத்தில் நீங்களே எழுதி, லயத்துக்குக் குழி மலசலகூடம் அமைத்துத் தரும்படி கேளுங்கள்.

எங்கள் தாத்தா பழைய மஸ்கெலியா நகரத்தில் வாழ்ந்தவர். 1960களில் மவுசாக்கலை அணைக்காக அந்த நகரமே நீருக்குள் போனது. வறட்சியில் நீர் வற்றும்போது பழைய கோயில் வெளியே தெரியும். எங்கள் குடும்பம் இன்றும் அங்கே போய் விளக்கேற்றிவிட்டு வரும். அப்படி ஊரைக் கொடுத்துப் பெற்ற தண்ணீர் அது. மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது. கொழும்பு குடிக்கும் தண்ணீர் அம்பத்தலையில் அந்த ஆற்றிலிருந்தே எடுக்கப்படுகிறது. உங்களுடையது அந்த இரண்டு ஆறுகளில் ஒன்றாக இருந்தால் இதனைக் கடிதத்தில் எழுதுங்கள். லயத்து வாசலுக்காக அசையாதவர்கள் அதற்காகவாவது அசையட்டும்.


பணியக்கரை எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மேட்டு லயத்து அண்ணன் சொன்னதைப் படித்துவிட்டு நேற்று மாலை இரண்டு பேருடன் வடிகான் நெடுகிலும் நடந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. லயத்திலிருந்து நான்கு குழாய்கள் அதில் இறங்குகின்றன. மூன்று ஆண்டுகளாகக் கடிதம் எழுதிய நாங்கள் ஒருமுறைகூட வடிகானின் கீழ்ப்பகுதியை முழுமையாக நடந்து பார்த்ததில்லை.

ஐந்து கடிதங்களாகப் பிரித்திருக்கிறோம். சபைக்குரியதன் வரைவை இங்கே இடுகிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள்.

"தவிசாளர் அவர்கட்கு. ஐயா, கடைத்தெருப் பின்புற வடிகானில் சேரும் குப்பையை அகற்றுதல் தொடர்பாக.

மேற்படி வடிகான் சந்தைக் கட்டடத்தின் பின்புறம் தொடங்கி, பிரதான வீதிப் போக்கு வரை செல்கின்றது. இதனுள் சந்தைக் கழிவும் இறைச்சிக் கழிவும் நாள்தோறும் சேர்வதனால் மழைக்காலத்தில் நீர் தடைப்பட்டு, கீழேயுள்ள குடியிருப்புகளுக்குள் புகுகின்றது. எமது குடியிருப்பிலிருந்தும் நான்கு கழிவுநீர்க் குழாய்கள் இதன் கீழ்ப்பகுதியில் இணைகின்றன என்பதையும், அதற்கான தீர்வைத் தனிக் கடிதத்தில் கோரியுள்ளோம் என்பதையும் அறியத்தருகின்றோம்.

பிரதேச சபைகள் சட்டத்தின் 93ஆம் பிரிவுக்கு அமைய இந்த வடிகான் பகுதியின் குப்பையை வாரத்தில் இருமுறை அகற்றுவதற்கும், சந்தையின் பின்புறத்தில் மூடியுள்ள குப்பைத் தொட்டி ஒன்றை வைப்பதற்கும் உடனடியாக நடவடிக்கை எடுக்குமாறும், பஸ் நிலைய மலசலகூடத்தைத் திருத்துமாறும், கொழும்பு மக்களின் குடிநீரும் இதனால் மாசடைகின்றது என்பதைக் கருத்திற் கொள்ளுமாறும் கேட்டுக்கொள்கின்றோம். இது தொடர்பாக முன்னர் வழங்கிய மூன்று கடிதங்களின் பிரதிகளும், புகைப்படங்களும், கைவரைபடமும் இணைக்கப்பட்டுள்ளன."


பழைய எழுதுவினைஞர் எழுதியது:

நல்ல கடிதம், தம்பி. குழாய்களைப் பற்றி நீங்களே எழுதியது கடிதத்துக்கு வலுச் சேர்க்கிறது. அதை மாற்ற வேண்டாம். மூன்று திருத்தங்கள் மட்டும்.

மலசலகூடத்தை இதிலிருந்து எடுத்துவிடுங்கள். அதற்குத் தனிக் கடிதம் வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கடிதம் எந்த மேசைக்குப் போவதென்று அங்கே குழப்பம் வரும்.

கொழும்புக் குடிநீரைப் பற்றிய வரியையும் சபைக்கு எழுதும் கடிதத்திலிருந்து நீக்கி, மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கு எழுதும் கடிதத்தில் வையுங்கள். சபையின் சுத்திகரிப்புத் தொழிலாளிக்கும் மேற்பார்வையாளருக்கும் அதில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. மேட்டு லயத்துத் தம்பி வருந்தக்கூடாது. அவர் சொன்னது உண்மை, இடம் மட்டுமே வேறு.

"உடனடியாக" என்ற சொல்லுக்கு அலுவலகத்தில் திகதி கிடையாது. "சபையின் அடுத்த மாதாந்தக் கூட்டத்தில் இதனைச் சமர்ப்பித்து, எடுக்கப்படும் தீர்மானத்தை எமக்கு எழுத்தில் அறியத்தருமாறு" என்று எழுதுங்கள். உங்கள் வட்டார உறுப்பினரிடமும் ஒரு பிரதியைக் கையிற் கொடுத்து, கூட்டத்தில் அதனை எழுப்பும்படி கேளுங்கள். சபையின் சுற்றாடல் தொடர்பான குழுவில் ஊர்வாசிகளையும் சேர்த்துக்கொள்ள இடம் உண்டு. உங்கள் சங்கத்தில் ஒருவரை அதற்கு முன்மொழியலாம். தொட்டிக்கும் மேலதிக ஆளுக்கும் பணம் தேவைப்படும் என்பதால், அடுத்த ஆண்டுக்கான பாதீடு தயாராகும் முன்னரே கடிதம் அங்கே இருக்க வேண்டும். கார்த்திகையில் கொடுத்தால் காலம் கடந்துவிடும்.

கடிதத்தைத் தபாலில் அனுப்பாமல் இருவராகப் போய் நேரிற் கொடுங்கள். உங்கள் பிரதியில் முத்திரை வைத்ததும் திகதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். மங்கலாக இருந்தால், பதிவிலக்கத்தையும் திகதியையும் கையால் எழுதிக் கையொப்பம் இட்டுத் தரும்படி கேட்டு வாங்கிய பிறகே வெளியே வாருங்கள்.